பதினாலா, பதினாறா? பையைத் தூக்கிப் பார்த்து முடிவெடுங்கள்

திங்கட்கிழமை விடியலில் சிங்காரப்பேட்டையில் நின்று, திருவண்ணாமலை பக்கமிருந்து வரும் பெங்களூரு பஸ்ஸில் ஏறுகிறவர்களின் முதுகைப் பாருங்கள். பை இல்லாத முதுகு அபூர்வம். ஊத்தங்கரை, மத்தூர், கிருஷ்ணகிரி, சூளகிரி என்று போகும் அந்த வண்டியில் சிலர் ஓசூர் சிப்காட்டுக்கு இறங்குவார்கள். சிலர் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டி வரை போவார்கள். ஓசூருக்கே சுமார் நூறு கிலோமீட்டர். பைக்குள் சாப்பாட்டு டப்பா, நாலு நாள் துணி, லேப்டாப்.

அந்த லேப்டாப்புகளில் பல இப்போது மாற்ற வேண்டிய வயதில் இருக்கின்றன. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம்தான் இந்தப் பக்கத்துப் பல வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. அதற்கடுத்து வேலைக்குச் சேர்ந்து சொந்தக் காசில் வாங்கியதும் பழசாகிவிட்டது. விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால், இன்டெல் ப்ராசஸர் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். ஆக, புதுசு வாங்கித்தான் தீர வேண்டும் என்று பலர் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் பட்ஜெட்டைக் கேட்டுவிட்டு அடுத்துக் கேட்பது இதுதான்: “சின்னதா, பெருசா?”

பதில் சொல்லும்போது பெரும்பாலோர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. வருஷத்தில் நாலு தடவை செய்யும் மிகக் கனமான வேலையை நினைத்துக்கொண்டு மெஷின் வாங்குகிறார்கள். தினமும் அதை எங்கே திறக்கிறோம் என்பதை நினைப்பதில்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்: வேலையைப் பார்ப்பதற்கு முன் இடத்தைப் பாருங்கள்.

ஒரு வாரம் எழுதி வையுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரே ஒரு வாரம், லேப்டாப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: மேசை, மடி, நின்றபடி. எவ்வளவு நேரம் என்பதையும் எழுதுங்கள். மேசை நேரம் பாதிக்கு மேல் என்றால், பெரிய திரை உங்களுக்கு உதவும். ஆனால் அது லேப்டாப்பிலேயே இருந்தாக வேண்டும் என்று அவசியமில்லை. மடியும் நின்றபடியும் சேர்ந்து அதிகம் என்றால் சின்னதுதான். யோசிக்கவே வேண்டாம்.

இன்ச் ஏமாற்றும்

14, 15.6, 16 என்பதெல்லாம் மூலைக்கு மூலை அளக்கும் அளவு. பரப்பளவைக் கணக்குப் போட்டால் வேறு படம் தெரியும். 14 இன்ச் அகலத்திரை சுமார் 84 சதுர இன்ச். 15.6 இன்ச் சுமார் 104. ஒன்றரை இன்ச் வித்தியாசம் என்று நினைத்தது ஏறக்குறைய கால்வாசி கூடுதல் இடமாக இருக்கிறது.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டுமே ஃபுல் எச்டி என்றால் இரண்டிலும் அகலவாட்டில் 1920 புள்ளிகள்தான். பெரிய திரையில் எழுத்து பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் 14 இன்ச்சில் எழுத்து பொடியாக இருக்கிறதே என்று விண்டோஸில் 150 சதவீதமாகப் பெரிதாக்கினால், 1280 புள்ளி அகலத்தில் அடங்குவதுதான் திரையில் தெரியும். 15.6-ல் 125 சதவீதமே போதும் என்றால் 1536 கிடைக்கும். எக்செல்லில் இது சில கூடுதல் பத்திகள். பக்கவாட்டில் ஓயாமல் தள்ளித் தள்ளிப் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

சின்னது வாங்குவதென்றால் 16:10 விகிதத் திரை தேடுங்கள். 1080-க்குப் பதில் 1200 வரிசைப் புள்ளிகள் கிடைக்கும். திரை அகலம் கூடாமல் உயரம் கூடுவதால் பையின் அளவு ஏறக்குறைய அதேதான்.

கனம் எங்கிருந்து வருகிறது

சாதாரண 14 இன்ச் லேப்டாப் 1.4 கிலோ அளவில் இருக்கும். சாதாரண 15.6 இன்ச் 1.7 கிலோ அளவில். சார்ஜர் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. முந்நூறு கிராமுக்காகவா இத்தனை பேச்சு என்று கேட்டால், நியாயம்தான். ஆப்பிளின் 13 இன்ச் மேக்புக் ஏர் 1.24 கிலோ, 15 இன்ச் 1.51 கிலோ. அங்கேயும் வித்தியாசம் முந்நூறுக்குள்.

உண்மையான கனம் தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மெஷினில்தான் ஏறுகிறது. லேப்டாப் இரண்டே கால் கிலோவைத் தாண்டும், அதன் செங்கல் சார்ஜர் தனியாக அரை கிலோவுக்கு மேல் போகும். இரண்டும் சேர்ந்து மூன்று கிலோவை நெருங்கும். ஆகவே முதலில் தீர்க்க வேண்டியது தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமா என்பது. திரை அளவு அதற்கு அடுத்துத்தான்.

சாதாரண 15.6 இன்ச்சில் தொல்லை கனத்தைவிட அகலம்தான். 14 இன்ச் லேப்டாப் ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது. 15.6 ஏறக்குறைய 36 சென்டிமீட்டர். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டின் நடுவில் உட்கார்ந்து அதைத் திறந்தால் இரண்டு பக்கத்து முழங்கையும் உங்கள் மேல்தான். முன்சீட்டுக்காரர் சாய்ந்துவிட்டால் திரை முழுசாகத் திறக்காது.

யாருக்கு எது

*மெயின்டனன்ஸ், பிஎல்சி (ஆலை இயந்திரங்களின் கன்ட்ரோலர்) ஆட்கள்:* இவர்கள் பாடுதான் உண்மையிலேயே இழுபறி. சீமென்ஸ் தன் டிஐஏ போர்ட்டல் மென்பொருளுக்குப் பரிந்துரைப்பது 15.6 இன்ச் ஃபுல் எச்டி திரை, குறைந்தது 16 ஜிபி ராம். லாஜிக் எழுதும்போது அந்த இடம் வேண்டும்தான். ஆனால் லைன் நின்றுபோய், பேனல் கதவைத் திறந்து, இடது கையில் லேப்டாப்பைத் தாங்கி வலது கையால் தட்டும்போது, ஒவ்வொரு நூறு கிராமும் மணிக்கட்டில் தெரியும். வாரத்தில் எது அதிகம் என்று உங்கள் குறிப்பே சொல்லும். எதை வாங்கினாலும் நெட்வொர்க் கேபிள் செருகும் லான் போர்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெல்லிசு லேப்டாப் பலவற்றில் அது இருக்காது. பழைய கன்ட்ரோலர்களுக்கு யுஎஸ்பி-சீரியல் கன்வர்ட்டர் எப்படியும் பையில் வேண்டும்.

*டிசைன், டூல்ரூம்:* சாலிட்வொர்க்ஸ், காட்டியாவில் பெரிய அசெம்பிளி திறக்கிறவர்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டும் 16 இன்ச்சும்தான் சரி. வேறு வழி தேட வேண்டாம். கனத்தைக் குறைக்க ஒரே வழி, அதைத் தினமும் தூக்காமல் இருப்பது. 2டி டிராயிங் மட்டும் பார்க்கிறவருக்கு அந்தக் கார்டு வீண் சுமை.

*கணக்கு, ஸ்டோர்ஸ், ஆடிட்டர் அலுவலகம்:* மாம்பழக் கூழ் ஆலையோ கிரானைட் கம்பெனியோ, நாள் முழுக்க எண் தட்டுகிறவருக்கு வலப்பக்க நம்பர் பேட் கைக்குப் பழகியது. அது பெரும்பாலும் 15.6-ல்தான் வரும். டாலியில் எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை என்று விரல் தானாகப் போகும். புது லேப்டாப்பில் எஃப்5-ஐத் தட்டினால் வெளிச்சமோ சத்தமோ மாறினால் பயப்பட வேண்டாம், எஃப்என் லாக் போட்டால் சரியாகிவிடும். 14 வாங்கியே ஆக வேண்டுமென்றால் யுஎஸ்பி நம்பர் பேட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

*ஐடி, எலெக்ட்ரானிக் சிட்டி பயணிகள்:* அலுவலகத்தில் மானிட்டர் இருக்கும். பை வாராவாரம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றும். 14 போதும்.

*வீட்டுக்கு ஒரே கணினி:* அப்பா பட்டா பார்ப்பது, தங்கச்சி ஆன்லைன் வகுப்பு, நீங்கள் வேலை தேடுவது எல்லாம் அதில்தான் என்றால் 15.6 வாங்கி மேசையில் வையுங்கள். மூன்று பேர் ஒன்றாகப் பார்க்கும் திரை அது.

மெல்லிசுக்கு விலை உண்டு

ஓசூரில் இருக்கிறவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த ஊரில் ஆலை உள்ள டைட்டன் 2002-ல் வெளியிட்ட எட்ஜ் கைக்கடிகாரத்தின் மொத்த தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளே ஓடும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு இறங்க உள்ளிருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. லேப்டாப்பிலும் கதை அதுதான். மெல்லிசாக்கும்போது மூன்று இடத்தில் கை வைக்கிறார்கள்.

ஒன்று, ராம். மெல்லிய மாடல்கள் பலவற்றில் அதை போர்டிலேயே சாலிடர் செய்துவிடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது. எட்டு ஜிபியில் வாங்கிவிட்டு அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், பெங்களூரு எஸ்பி ரோட்டில் எந்தக் கடைக்குப் போனாலும் கையை விரிப்பார்கள். இரண்டு, வெப்பம். சின்ன உடம்பில் காற்றுப் போக வழி குறைவு. ஒரு மணி நேரம் தொடர்ந்து முறுக்கினால் மெஷின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மூன்று, போர்ட்டுகள். லான், எச்டிஎம்ஐ, மெமரி கார்டு என ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

இத்தனையும் சமாளித்து மெல்லிசாகவும் வலுவாகவும் செய்யலாம். அதற்கு விலை ஏறும். அதனால்தான் அதே காசுக்குப் பெரிய லேப்டாப்பில் கொஞ்சம் கூடுதல் சரக்கு கிடைக்கிறது.

சின்ன லேப்டாப், பெரிய மானிட்டர்

முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறவர்களுக்கு இதுதான் என் பரிந்துரை. 14 இன்ச் லேப்டாப்பும் 24 இன்ச் மானிட்டரும். மானிட்டரின் பரப்பு சுமார் 246 சதுர இன்ச், 15.6 இன்ச் திரையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சாதாரண ஃபுல் எச்டி மானிட்டர் பத்தாயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் வந்துவிடும். அடுத்த லேப்டாப் மாற்றும்போதும் அது கூடவே வரும்.

எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஊரில் சொந்த வீடு, பெரிய மேசை இருக்கிறதென்று மானிட்டரைச் சிங்காரப்பேட்டையில் வைத்துவிட்டு, வாரம் ஐந்து ராத்திரி ஓசூர் ரூமில் கட்டிலில் குனிந்து வேலை பார்ப்பார்கள். எந்த ஊரில் அதிக ராத்திரி தங்குகிறீர்களோ, மானிட்டர் அங்கேதான் இருக்க வேண்டும்.

யுஎஸ்பி-சி ஓட்டை இருந்தாலே மானிட்டர் ஓடும் என்று நம்பிவிடாதீர்கள். அது படம் அனுப்புமா, சார்ஜ் ஏற்றுமா என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். மானிட்டர் வாங்க இப்போது காசில்லையா? நாலு தடித்த புத்தகத்தை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைத்து, தனி கீபோர்டும் மவுஸும் செருகினால் கழுத்தாவது தப்பிக்கும்.

கம்பெனி கொடுப்பதென்றால்

பல ஆலைகளில் சொந்த லேப்டாப் கேட்டைத் தாண்டாது. அலுவலக லேப்டாப் மாற்றும்போது, ஐடி துறை நீட்டுவதை வாங்கிக்கொண்டு அடுத்த நாலு வருஷம் புலம்புவதைவிட முன்னாலேயே கேட்டுவிடுவது மேல். “இது ரொம்ப கனமா இருக்கு சார்” என்றால் வேலைக்காகாது. வேலையோடு சேர்த்துச் சொல்லுங்கள்:

“சார், வாரத்துல நாலு நாள் லைன்லதான் இருக்கேன். பேனல்கிட்ட நின்னுக்கிட்டே கனெக்ட் பண்ண வேண்டியிருக்கு. 14 இன்ச் லேப்டாப், லான் போர்ட்டோட குடுத்தீங்கன்னா சவுகரியம். டேபிள்ல ஒரு பழைய மானிட்டர் இருந்தாலும் போதும், புரோகிராம் வேலைய அதுல முடிச்சிடுவேன்.”

எந்த இடம், எத்தனை நாள், எதற்கு என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. பழைய மானிட்டர் போதும் என்பதால் மேலதிகாரிக்குத் தலையாட்டுவது சுலபம்.

கடையில் கேட்க வேண்டியவை

ராம் 16 ஜிபி. எட்டு என்றால், கூட்ட இடம் இருக்கிறதா? எஸ்எஸ்டி 512 ஜிபி. திரை வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் குறையாமல், பளபளக்காத மேட் ரகம். பேட்டரியை வாட்-அவரில் கேளுங்கள். 50 வாட்-அவர் பேட்டரி, லேசான வேலைக்கு 8 முதல் 10 வாட் இழுத்தால் ஐந்து, ஆறு மணி நேரம் நிற்கும். விளம்பரத்தில் சொல்லும் மணிக்கணக்கைவிட இந்த வகுத்தல் நம்பகமானது. சர்வீஸ் சென்டர் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ இருக்கிறதா, இல்லை ஒவ்வொரு தடவையும் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு பரீட்சை

காசு கட்டும் முன் மூன்று நாள் இதைச் செய்யுங்கள். பழைய லேப்டாப்பையும் சார்ஜரையும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். சின்னது வாங்க நினைத்தால் முக்கால் லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டையும், கிராஃபிக்ஸ் கார்டோடு பெரியது வாங்க நினைத்தால் ஒரு லிட்டர் பாட்டில் மூன்றையும் நிரப்பிப் பைக்குள் வையுங்கள். வழக்கமான பஸ், வழக்கமான நடை, ஷிஃப்ட் முடிந்து திரும்பும் நேரம் உட்பட எல்லா இடத்துக்கும் அந்தப் பையோடு போய் வாருங்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் யாரும் பார்க்காதபோது ஒரு பாட்டிலைக் குடித்துத் தீர்த்துவிட்டீர்களா? அப்போது வாங்க வேண்டியது எது என்று உங்கள் தோள் சொல்லிவிட்டது.