சிம்பொனி கண்ட தமிழர்

முத்தமிழ் என இயலையும் இசையையும் நாடகத்தையும் ஒருங்கு வைத்து எண்ணினர் நம் முன்னோர். தமிழாசிரியராகிய நாமோ இயலை மட்டும் வைத்துக்கொண்டு, இசையைச் சங்கீத ஆசிரியரிடம் ஒப்படைத்து விடுகின்றோம். இதனால் நேர்ந்த பிழையொன்றை ஈண்டு ஒப்புக்கொள்ள விரும்புகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து எம்மிடம் பயின்ற மாணவனொருவன், ‘தமிழிசை வளர்த்தோர்’ என்னும் தலைப்பில் இளையராஜாவைப் பற்றிக் கட்டுரை எழுதித் தந்தான். ‘சினிமாப் பாட்டுத் தமிழிசை ஆகாது’ எனச் சிவப்பு மையாற் குறித்துத் திருப்பிக் கொடுத்தோம். அவன் மறுமொழி கூறாது பெற்றுச் சென்றான். இன்று அவனும் பழைய மாணவருள் ஒருவன். அன்று தவறியதை இம்மலரிலே திருத்துகின்றோம்.

சிம்பொனி என்பது யாது?

சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே, குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின்னே முழவும் இசைத்தமையை இளங்கோவடிகள் முறைப்படுத்திக் கூறுவர். கருவிகள் பல; அவை செல்லும் வழி ஒன்று. நம் இசையின் இயல்பு இதுவே. மேலைநாட்டுச் சிம்பொனியிலோ, நரம்புக் கருவி, மரக்குழல், பித்தளைக் குழல், தாளக் கருவி என்னும் நால்வகையினவும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வழிச்சென்று, ஒன்றோடொன்று இயைந்து ஓருருப் பெறும். பெரும்பாலும் அது நான்கு பகுதிகளாய் அமையும்: முதலாவது விரைவு, இரண்டாவது தாழ்ந்த நடை, மூன்றாவது ஆடற்சந்தம், நான்காவது மீண்டும் விரைவு. ஹைடன் நூற்றுக்கு மேற்பட்ட சிம்பொனிகளையும் பேதோவன் ஒன்பதையும் இயற்றினர். நம் கொழும்பிலும் 1958ஆம் ஆண்டிலேயே சிம்பொனி இசைக்குழுவொன்று தோன்றியது. எனினும் தமிழ் மாணவர் அதனைப் பிறர் வீட்டுப் பொருளாகவே கருதி வந்தனர்.

பிறப்பும் பயிற்சியும்

இளையராஜா 1943ஆம் ஆண்டு, இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையில் வழங்கிய பெயர் இராசையா. தமையனார் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளிற் பாடி வந்தவர். பதினான்காம் அகவையளவில் அக்குழுவிற் சேர்ந்த இராசையா, ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்தார். வயலிலும் களத்திலும் உழைப்போர் பாடிய பாட்டுக்களே அவர் முதற்பாடம். 1968இற் சென்னை சேர்ந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசையை எழுதவும் படிக்கவும் கற்றார். கருநாடக இசையை ரி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகவும் இருந்தார். 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தது. அதன் பாட்டுக்கள் கடல் கடந்து, வெள்ளவத்தைத் தேநீர்க்கடை வானொலிகளிலும் ஒலித்தன.

ஆக்கங்கள்

ஆயிரத்துக்கு மேற்பட்ட திரைப்படங்களுக்கு இசையமைத்தாராயினும், சில ஆக்கங்களைத் தனியே எடுத்துரைத்தல் வேண்டும். ‘சிந்து பைரவி’ (1985) படத்திலே, ‘பாடறியேன்’ எனத் தொடங்கும் நாட்டுப்பாட்டு, தியாகராசர் கீர்த்தனையொன்றிற் சென்று கலக்கும். இரண்டும் சாரமதி இராகத்திலேயே நிற்கும். பாமரர் பாட்டுக்கும் பண்டிதர் பாட்டுக்கும் இடையே நாம் எழுப்பிய சுவர் அங்கே இல்லை. 1986இல் வெளியிட்ட ‘ஹவ் ற்று நேம் இற்’ என்னும் இசைத்தொகுப்பைத் தியாகராசருக்கும் ஜெர்மனியரான பாஹ் என்பாருக்கும் உரித்தாக்கினார். 2005இல் மாணிக்கவாசகர் திருவாசகத்தைப் புடாபெஸ்ற் சிம்பொனி இசைக்குழுவின் துணைகொண்டு பாடித்தந்தார்.

1993இல் லண்டன் றோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு சிம்பொனியொன்றை ஒலிப்பதிவு செய்தார், அது வெளிவரவில்லை. பிறரெனின் அவ்வளவில் ஓய்ந்திருப்பர். 2025 மார்ச் 8ஆம் நாள், தம் எண்பத்தோராம் அகவையில், அதே லண்டன் மாநகரில், அதே குழுவினர் வாசிக்க, ‘வேலியன்ட்’ என்னும் சிம்பொனியை அரங்கேற்றினார். மிக்கெல் ரொம்ஸ் குழுவை நெறிப்படுத்தினார். வீறுடையது என்பது அப்பெயரின் பொருள்.

ஆசியாவிலே சிம்பொனி இயற்றிய முதல்வர் இவரே என்பாரும் உளர். அது மிகை. வறுமையிற் பிறந்து பாரிஸ் நகரிற் பயின்ற சீனர் சியன் சிங்ஹாய், மஞ்சள் நதியைப் பொருளாகக் கொண்ட பாட்டுக்கோவையை 1939இலேயே இயற்றியவர், சிம்பொனிகளையும் எழுதியவர். அவர் 1945இல் மறைந்தார். தம் நாட்டு மக்களின் பாட்டைப் பிறநாட்டுக் கருவிகளில் ஏற்றியமையால் அவரும் நம்மவரும் ஒரு நெறியினர். பொய்ப்புகழ் சேர்க்காமலே நம்மவர் பெருமை நிற்கும்.

நாம் கற்கும் பாடம்

சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளியிட்ட யாழ்நூலை நினைத்துப் பார்ப்போம். மறைந்துபோன கருவியை ஏட்டுச் செய்திகளிலிருந்து கணித்து மீட்க அப்பெரியார் எத்துணை உழைக்க வேண்டியிருந்தது! யாழின் பெயரும் இலக்கணமும் எஞ்சின. அதன் ஒலி எஞ்சவில்லை. செவிவழிச் செல்வம், கேட்போர் மறைந்தால் தானும் மறையும். இளையராஜாவோ, தம் உள்ளத்திற் கேட்டதை ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வரியாகத் தாளில் எழுதி வைப்பவர். தமிழறியாத லண்டன் வாத்தியக்காரர் அத்தாளைப் பார்த்து வாசித்தனர். நூறாண்டு கழித்தும் வாசிக்கலாம். எழுத்தறிவின் பயனைத் தமிழாசிரியர் இதனினும் தெளிவாக எங்கே காட்ட முடியும்?

சிவப்பு மையால் நாம் எழுதிய அவ்வரியை இன்று அடித்து விடுகின்றோம். அக்கட்டுரை அந்த மாணவனிடம் இன்னும் இருக்குமாயின், அதனைக் கொண்டுவந்து காட்டுவானாக. உரிய புள்ளியை மகிழ்வுடன் இடுவோம்.