ஓரத்தில் ஒரு ‘எப்படி?’

கல்லூரி முதலாண்டில் எங்களுக்குக் கட்டுரைப் பயிற்சி வகுப்பு இருந்தது. முதல் தலைப்பு ‘மழைநீர் சேகரிப்பு’. பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கித் தந்த கட்டுரையையே முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரையோடு எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் மதிப்பெண் போடவில்லை. ‘மழைநீரை நிலத்தடியில் சேமிக்க வேண்டும்’ என்ற வரியின் ஓரத்தில் ‘எப்படி?’ என்று எழுதியிருந்தார்.

எனக்குத் தெரியவில்லை. விடுதியின் பின்புறம் போய்ப் பார்த்தேன். 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அமைத்த குழி அங்கே இருந்தது. மொட்டை மாடிக் குழாய் அதில் இறங்குகிறது. அடியில் பெரிய கல், அதன்மேல் ஜல்லி, மேலே மணல். மணல் ஏன் மேலே? காவலாளி அண்ணன் சொன்னார்: “தூசி துரும்பெல்லாம் மணல்லயே நின்னுடும். அதை மட்டும் அள்ளிக் கழுவினாப் போதும்.” முதல் மழைத் தண்ணீரைக் குழிக்குள் விடக்கூடாது என்பதையும் அவரிடம்தான் கற்றேன்.

இரண்டாம் முறை எழுதியபோது ஏரி, ஆறு, குடிநீர்ப் பஞ்சம் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. ‘மற்றொன்று விரித்தல்’ என்ற குறிப்போடு தாள் திரும்பியது. நன்னூலின் பத்துக் குற்றங்களை ஒப்பித்துத் தேறியவன் நான். அவை என் தாளிலும் இருக்கும் என்று நினைத்ததில்லை. மூன்றாவது கட்டுரை ஒரு பக்கம்தான். குழாயில் தொடங்கி மண்ணில் முடிந்தது.

ஆசிரியரானபின் இதை மறந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பூக்கட்டுவது பற்றி எழுதினாள். வாழைநாரை நனைப்பது, பூக்களை இந்தப் பக்கம் இரண்டும் அந்தப் பக்கம் இரண்டுமாகக் காம்போடு காம்பு வைப்பது, நாரை வளைத்து மாட்டி இழுப்பது, அதிகம் இறுக்கினால் காம்பு ஒடிவது. அம்மாவோடு உட்கார்ந்து கட்டும் பிள்ளை. நானோ முன்னுரை இல்லை, மேற்கோள் இல்லை என்று எட்டுக்கு மூன்று போட்டேன்.

ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாள். காமராசர் படத்துக்குப் பூ கட்ட வேண்டும்; அவள் அன்று விடுப்பு. இரண்டு பையன்கள் என் மேசையிலிருந்த அவள் நோட்டை விரித்து வைத்துப் படித்துப் படித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு முழம் வந்திருந்தது. “கடைசியில எப்படி முடிச்சுப் போடுறதுன்னு எழுதலை சார்” என்றான் ஒருவன். குன்றக் கூறல்! என் சிவப்பு மைக்கு அது தெரியவில்லை.

மறுநாள் அவளிடம் கேட்டேன். “அது எல்லாருக்கும் தெரியுமே சார்” என்றாள். பையன்கள் நாரோடு திண்டாடியதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, உட்கார்ந்து இரண்டு வரி சேர்த்தாள். நான் மூன்றை அடித்துவிட்டு ஏழு போட்டேன்.

இப்போது முதலில் செய்முறைதான். சைக்கிள் செயின் மாட்டுவது, கோலத்துக்குப் புள்ளி வைப்பது என்று தெரிந்ததை எழுதுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் அதைப் படித்தே செய்து பார்க்க வேண்டும். தடுமாறும் இடத்தில் அவரே ‘எப்படி?’ என்று எழுதுவார். தேர்வுக்கான முன்னுரையையும் உட்தலைப்பையும் அரையாண்டுக்கு முன் இரண்டு பாடவேளையில் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு அவ்வளவு நேரம் போதுமானதாக இருக்கிறது.