பழைய ரைபிளின் மதிப்பு எதில் இருக்கிறது?

பாலிகஞ்சில் எங்கள் அடுத்த வீட்டு வங்காளி நண்பர் ஒரு நாள் என்னை அழைத்து, தம் பாட்டனார் வேட்டைக்கு வைத்திருந்த இரட்டைக்குழல் ரைபிளைக் காட்டினார். உரிமத்தோடு குடும்பத்தில் இருந்துவரும் ஆயுதம். மகளின் திருமணச் செலவுக்காக அதை விற்க எண்ணியிருந்தார். நல்ல விலை வரட்டும் என்று உப்புத்தாளால் தாமே தேய்த்தும்விட்டார். குழல் பளபளத்தது; மேலிருந்த எழுத்துகள் பாதி மறைந்துவிட்டன! "இதோடு நிறுத்திவிடுங்கள்" என்றேன். காரணத்தை நம் அன்பர்களும் அறிவது நல்லது.

முதலாவது, பெயரும் முத்திரையும். கல்கத்தாவின் ரோடா, மான்டன் கம்பெனிகளின் பெயர் தாங்கிய துப்பாக்கிகள் பல இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. குழலைச் சோதித்தது லண்டனிலா, பர்மிங்ஹாமிலா என்பதை அதன் அடியிலுள்ள முத்திரை சொல்லும்.

இரண்டாவது, எண். 1914 ஆகஸ்ட் 26 அன்று ரோடா கம்பெனிக்கு வந்த 50 மௌசர் கைத்துப்பாக்கிகளைப் புரட்சியாளர்கள் கடத்திச் சென்றார்கள். ஒவ்வொன்றின் எண்ணும் கம்பெனியின் பதிவில் இருந்ததால், பின்னர் பிடிபட்டவை இன்னவை என்று தெரிந்தது. வேட்டை ரைபிளுக்கும் அப்படித்தான். செய்த கம்பெனியின் பழைய பேரேடு இருந்தால், எண்ணைக்கொண்டு முதலில் வாங்கியவரைக் கண்டுபிடிக்கலாம். அவர் ஒரு மகாராஜாவாக இருந்தால் விலை பன்மடங்கு உயரும்.

மூன்றாவது, அரிய அமைப்பு. 2015இல் லண்டனில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் திப்பு சுல்தானின் சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்று 7,22,500 பவுண்டுக்குப் போனது. ஒரே குழலில் மருந்தையும் குண்டையும் இரு முறை அடுத்தடுத்துக் கெட்டித்து, இரண்டு தடவை சுடும் அமைப்பு, வெள்ளி வேலைப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாக, அது திப்புவின் சொந்த ஆயுதம்.

நான்காவது, பழைய நிலை. வெட்டிக் குறைக்காத குழல், முதலில் வந்த பெட்டி, காலம் தந்த நிறம் ஆகியவை மதிப்பைக் கூட்டும். புதுப் பளபளப்பு குறைக்கும்.

நண்பரின் நல்ல காலம், குழலின் அடிப்பக்கத்து முத்திரையும் எண்ணும் தப்பின. மெல்லிய துணியும் துளி எண்ணெயும் போதும் என்று சொல்லி வந்தேன். எத்தனை பழையதானாலும், சுடக்கூடிய ஆயுதத்துக்கு உரிமம் அவசியம் என்பதையும் மறக்கக்கூடாது.

நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களில் பாட்டியின் பெயர் வெட்டியிருக்கும். புளி போட்டுத் துலக்குவோம். பெயரைத் தேய்த்து அழிப்போமா? இதுவும் அப்படித்தான்.