ஏழு பேரையும் இறக்கிவிடு



உன் நாடகப் பிரதி கிடைத்தது. 1973-ல் புக்கிட் மேரா அடுக்குமாடியிலிருந்து ஒரு பையனைக் கொலைக் குற்றம் சாட்டிப் போலீஸ் கூட்டிப்போகிறது. நல்ல தொடக்கம். மூன்றாம் காட்சியில் ஜூரி ஏழு பேரும் எழுந்து நின்று தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் பிரதியை மூடி வைத்துவிட்டேன். சாப்பிட்டு, தூங்கி எழுந்துதான் மீதியைப் படிக்க முடிந்தது.

1970 பிறந்தபோதே சிங்கப்பூரில் ஜூரி முறை போய்விட்டது, தம்பி. அதற்குப் பத்தாண்டு முன்பே மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டும் என்று அதைச் சுருக்கிவிட்டார்கள். உன் பையனை விசாரித்திருக்க வேண்டியவர்கள் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர். 1992 வரை அதுதான் முறை. ஒரே நீதிபதி என்பது அதன்பிறகு வந்தது.

இதில் எனக்கு எரிச்சல், கையருகே கிடக்கும் நாடகத்தை விட்டுவிட்டுச் சினிமாவில் பார்த்ததை எடுத்து வைத்தாயே என்பதுதான். 1950-ல் மரியா ஹெர்டோக் கலவரத்தில் நடந்த ஒரு கொலைக்காகக் கூண்டில் நின்ற நால்வருக்கு வாதாடி விடுதலை வாங்கித் தந்த இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. ஜூரியின் மேல் அவருக்கு நம்பிக்கை போனதற்கு அந்த வெற்றியே காரணம் என்று பின்னாளில் அவரே எழுதினார். அவர் பிரதமராக இருந்தபோதுதான் ஜூரி ஒழிந்தது. எதிர்த்து நின்றவர், ஜூரியைப் பேச்சால் கட்டிப்போடுவதில் பேர்பெற்ற டேவிட் மார்ஷல். இரண்டு வழக்கறிஞர்கள், ஒருவர் பழைய முதலமைச்சர், ஒருவர் பிரதமர், ஒரே சண்டை. இதை மேடையேற்ற நம்மவர் ஒருவருக்கும் தோன்றவில்லையே!

அடுத்தது, இரண்டாம் காட்சியில் கைது, மூன்றாம் காட்சியில் விசாரணை. நடுவில் இருந்த மாதங்களை எங்கே தொலைத்தாய்? அன்றைக்குக் கொலை வழக்கு நேராக உயர் நீதிமன்றம் போகாது. மாஜிஸ்திரேட் முன்னால் பூர்வாங்க விசாரணை நடக்கும். அரசுத் தரப்பு சாட்சிகளைக் கொண்டுவந்து நிறுத்தும். வழக்கு நிற்குமா என்று பார்த்த பிறகே அவர் மேலே அனுப்புவார். அதுவரை வாய்தா, வாய்தா. பையன் விசாரணைக் கைதியாகச் சிறையில். தீர்ப்புக்குப் பிறகும் முடியாது. குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அனுமதி கிடைத்தால் லண்டன் பிரிவி கவுன்சில், கடைசியில் அதிபருக்குக் கருணை மனு. புக்கிட் மேராவில் கஞ்சி காய்ச்சும் ஒரு தாயின் மகன் உயிரைப் பற்றி, அவளைக் கண்ணால் பார்க்காத பிரபுக்கள் லண்டனில் உட்கார்ந்து பேசுவார்கள். 1994 வரை இந்த வழி இருந்தது. நீ இதில் ஒரு வரிகூடத் தொடவில்லை.

இளவயதில் செய்திக்காக செயின்ட் ஆண்ட்ரூஸ் சாலையில் உயர் நீதிமன்றம் இருந்த குவிமாடக் கட்டடத்துக்குப் போவேன். இப்போது தேசியக் கலைக்கூடம். நீயும் அங்கே படம் பார்க்கப் போயிருப்பாய். உள்ளே வழக்கறிஞர் பேசுவதைவிட வெளியே நடைவழியில் காத்திருக்கும் குடும்பங்களையே நான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்பேன். பொட்டலத்தில் சோறு கொண்டுவந்திருப்பார்கள். பிரிக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் உள்ளே என்ன நடந்தது என்று, கறுப்பு அங்கி போட்ட யாரைக் கண்டாலும் எழுந்து நின்று கேட்பார்கள். ஆசிரியரிடம் நான் கொடுத்த செய்தியில் அவர்கள் இருந்ததில்லை. தீர்ப்புக்குத்தான் இடம்.

உன் கடைசிக் காட்சியில் அந்தத் தாய் பஸ் காசை எண்ணி முந்தானையில் முடிகிறாளே, அதைப்போல ஒன்றை நம் மேடையில் நான் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. எழுத்தாளன் கை அது. அவளைப் பூர்வாங்க விசாரணை நடக்கும் நடைவழியில் கொண்டுபோய் உட்கார வை. ஏழு பேரையும் மேடையிலிருந்து இறக்கிவிடு. ஹேவ்லாக் ஸ்குவேர் எட்டுமூலை நீதிமன்றக் கட்டடத்தையும் எடுத்துவிடு, அது 1975-ல்தான் வந்தது. திருத்திய பிரதி வராமல் ஒத்திகைக்கு என்னைக் கூப்பிடாதே.