கால் அடைப்பை எடுத்தாச்சு... கொழுப்பு மாத்திரை இன்னும் எதுக்கு?

அப்பாவுக்கோ வீட்டுக்காரருக்கோ கால் ரத்தக்குழாய்ல பலூன் வெச்சு அடைப்பை எடுத்து, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கியா தங்கச்சி? டிஸ்சார்ஜ் சீட்டுல அட்டோர்வாஸ்டாட்டின், இல்லேன்னா ரோசுவாஸ்டாட்டின்னு ஒரு மாத்திரை இருக்கும் பாரு. அதை மட்டும் விட்டுடாதே.

கொஞ்ச மாசத்துல ரத்தம் பார்ப்பாங்க. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 60னு வரும். "அதான் நார்மல் ஆயிடுச்சே"ன்னு வீட்ல மாத்திரையை ஓரங்கட்டிடுவாங்க. நார்மல் ஆனதே அந்த மாத்திரையாலதான்! விட்டா சில வாரத்துல பழையபடி ஏறிடும். லேப் ரிப்போர்ட்ல ஓரமா 100 வரைக்கும் பரவாயில்லைன்னு அச்சடிச்சிருப்பாங்க. கால் அடைப்பு வந்தவங்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது; 70க்குக் கீழ இருக்கணும், 55க்குக் கீழ போனா இன்னும் நல்லது.

ஒண்ணை மறைக்காம சொல்லிடறேன். மாத்திரை போட்டா பலூன் வெச்ச இடம் மறுபடி சுருங்கவே சுருங்காதுன்னு யாராலயும் உறுதி சொல்ல முடியாது. பலூன் விரியும்போது குழாயோட உள்சுவர்ல காயம் படும். அது ஆறும்போது தசை செல்கள் அளவுக்கு மீறி வளர்ந்து வழியை அடைக்கலாம், பெரும்பாலும் முதல் வருஷத்துக்குள்ள. கொழுப்பு படியறது வேற, இது வேற. ஆனா கால்ல அடைப்பு வந்தவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தும் அதிகம். அதைக் குறைக்கத்தான் முக்கியமா இந்த மாத்திரை. 2002ல வெளிவந்த, 20,536 பேரை வெச்சு நடந்த பிரிட்டிஷ் ஆய்வு, கால் அடைப்பு உள்ளவங்களுக்கும் இந்தப் பலன் கிடைக்குதுன்னு காட்டுச்சு.

அதனால காலை நீ கவனி. எவ்வளவு தூரம் நடந்தா கெண்டைக்கால் பிடிக்குதுன்னு காலண்டர்ல குறிச்சு வை. தெருமுனைக் கடை வரைக்கும் போய் வந்தவர் பாதியிலேயே நின்னா, அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காதே, டாக்டர்கிட்ட சொல்லி டாப்ளர் ஸ்கேன் பார்த்துடு. திடீர்னு கால் சில்லுன்னு ஆகி, வெளுத்து, வலிச்சா நடுராத்திரியா இருந்தாலும் எமர்ஜென்சிக்குக் கிளம்பு.

அட்டோர்வாஸ்டாட்டினோ ரோசுவாஸ்டாட்டினோ, ராத்திரிதான் போடணும்னு இல்லை. பிரஷர் மாத்திரையோட காலையிலேயே கொடுக்கலாம். உடம்பு வலின்னா நீயா நிறுத்தாதே, டாக்டர்கிட்ட சொன்னா டோஸை மாத்துவாங்க. வலியோட சிறுநீர் கறுத்துப் போனா மட்டும் அன்னிக்கே டாக்டரைப் பாரு. சர்க்கரை லேசா ஏறலாம், அதுக்காக விட வேண்டாம். பீடி, சிகரெட் ஒண்ணுகூட வேண்டவே வேண்டாம். பல் பிடுங்கப் போனாலும், ரத்தம் உறையாம இருக்கக் கொடுத்த மாத்திரையை ரத்தக்குழாய் டாக்டரைக் கேக்காம நிறுத்த விடாதே.