வீடு வாங்கி விற்கும் தொழில்: அட்வான்ஸ் கொடுக்குமுன் போட வேண்டிய கணக்கு

விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா, மாதனூர் பக்கங்களில் கடை வைத்திருக்கும் நமது வியாபாரிகளில் சிலர், கடையில் மிஞ்சும் பணத்தை வீடு வாங்கி விற்பதில் போடலாமா என்று கேட்கிறார்கள். முன்பு மிச்சமெல்லாம் நகைக்கும் சீட்டுக்கும் போனது. இப்போது வேலூர் ஒரு பக்கம், ஆம்பூர் செருப்புக் கம்பெனிகள் மறு பக்கம் என்று நடுவில் கிடக்கும் ஊர்களிலும் வீட்டுக்கு ஆள் தேடி வருகிறது. ஆகவே கேள்வி நியாயமானதுதான்.

இத்தொழில் இரண்டு வகை. பழைய வீட்டை நம் பெயரில் கிரயம் செய்து, பழுது பார்த்து, லாபம் வைத்து விற்பது ஒன்று. கிரயம் முடிக்காமல் அக்ரிமெண்ட் மட்டும் போட்டுக்கொண்டு, கெடு முடிவதற்குள் வேறொருவருக்குக் கைமாற்றி விடுவது மற்றொன்று. வெல்ல மண்டியில் லோடு இறங்குவதற்கு முன்பே விலை பேசி வேறு கடைக்குத் திருப்பி விடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெல்லத்துக்கு வாரிசு கிடையாது, வில்லங்கம் கிடையாது. வித்தியாசம் அங்கேதான்.

மளிகைக் கடைக்காரருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. எந்த வீட்டில் பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டார்கள், எந்த வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு நடக்கிறது, யார் வீட்டை விற்க நினைக்கிறார் என்பதெல்லாம் தரகருக்குத் தெரியும் முன்பே நமக்குத் தெரிந்துவிடும். இதை நல்ல விதமாகவும் பயன்படுத்தலாம், கெட்ட விதமாகவும் பயன்படுத்தலாம். நம்மிடம் கடன் பாக்கி வைத்திருக்கும் வீட்டாரிடம் அந்தப் பாக்கியைச் சொல்லியே விலையை அடித்துப் பேசினால் அன்றைக்கு லாபம் வரலாம். மறுநாள் முதல் அந்தத் தெருவே வேறு கடைக்குப் போகும். விற்பவரிடம், "இதை நாங்கள் குடியிருக்க வாங்கவில்லை, மறுபடி விற்கத்தான் வாங்குகிறோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நம்மைப் போல ஒரே ஊரில் பிழைப்பவர்களுக்குத் தகும்.

இனி கணக்குக்கு வருவோம். 12 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு படிகிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்று வரியும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். அது 1,08,000 ரூபாய். தளத்துக்குப் பூச்சு, கரண்ட் வயரிங், கழிப்பறை, சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து 1,80,000. தரகு நூற்றுக்கு இரண்டு என்றால் 24,000. இதற்காக 6 லட்சம் ஒன்றரை வட்டிக்கு வாங்கி எட்டு மாதத்தில் விற்றால் வட்டி 72,000. அடக்கம் 15,84,000 ரூபாய். 16,50,000க்கு விற்று, விற்கும் போதும் தரகு 33,000 கொடுத்தால் கையில் நிற்பது 33,000. வருமான வரி இனிமேல்தான்.

12 லட்சத்துக்கு வாங்கி 16½ லட்சத்துக்கு விற்றார் என்று ஊர் பேசும். நாலரை லட்சம் லாபம் என்று கேட்பவர் நினைப்பார். நின்றதோ 33,000. இதில் நமது சொந்தப் பணம் 9,12,000 முடங்கியிருக்கிறது. அதே பணம் கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று மாதம் ஒரு முறை புரண்டு, செலவு போக நூற்றுக்கு இரண்டே நின்றாலும் எட்டு மாதத்தில் சுமார் 1,45,000 ஆகும். கடை முதலைப் பிடுங்கி வீட்டில் போடுவதில் நமக்குச் சம்மதமில்லை என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அதே வீட்டை 10½ லட்சத்துக்குப் பேசி முடித்திருந்தால் என்ன ஆகும்? விலையில் 1,50,000, பதிவில் 13,500, தரகில் 3,000 மிச்சம். நிற்கும் லாபம் 33,000க்குப் பதிலாக 1,99,500. லாபம் விற்கும் போது வருவதில்லை, கொள்முதலிலேயே வந்துவிடுகிறது. இது நமக்குப் புதிய பாடம் அல்ல. ஆனால் சரக்கில் இருக்கும் நிதானம் வீட்டைப் பார்த்ததும் சிலருக்குப் போய்விடுகிறது.

மலிவாக வாங்குவதிலும் ஓர் எல்லை உண்டு. பத்திரச் செலவு நாம் கொடுத்த விலைக்கா, அரசின் வழிகாட்டி மதிப்புக்கா என்றால், இரண்டில் எது கூடுதலோ அதற்கு. வழிகாட்டி மதிப்பு 14 லட்சம் இருக்கும் வீட்டைப் பத்தரைக்கு வாங்கினாலும் 14 லட்சத்துக்குத்தான் தீர்வை கட்ட வேண்டும். அதோடு, அந்த மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேலும், 50,000 ரூபாய்க்கு மேலும் குறைவாக வாங்கினால், வித்தியாசத்தை வாங்கியவரின் வருமானமாகக் கருதவும் வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆகவே விலை பேசுமுன் பதிவுத் துறையின் இணையப் பக்கத்தில் அந்தத் தெருவின் வழிகாட்டி மதிப்பைப் பார்த்துவிட வேண்டும். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. சிறிய வீடுகளுக்கு இது உதவும்.

அக்ரிமெண்டைக் கைமாற்றும் வியாபாரத்தில் பத்திரச் செலவு நம் தலையில் விழாது என்பதால் பலருக்கு அதில்தான் ஆசை. அமெரிக்காவில் இதற்கு வீட்டு மொத்த வியாபாரம் என்றே பெயர். அங்கேயும் விற்பவர்கள் ஏமாற்றப்படுவதாகப் புகார் வந்து, இல்லினாய் மாநிலம் 2019இலும் ஒக்லஹோமா 2021இலும் இதைச் செய்பவர்களுக்கு லைசென்ஸ் கட்டுப்பாடு கொண்டு வந்தன. நம் மாநிலத்தில் முன்பு 20 ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, நாலு கை மாறிய காலம் ஒன்று இருந்தது. 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும், சொத்து சம்பந்தமான பவர் பத்திரத்தையும் பதிவு செய்தே தீர வேண்டும். பவரை வைத்துக்கொண்டே வீடு என்னுடையது என்று சொல்வதும் செல்லாது. பவரும் அக்ரிமெண்டும் உரிமையை மாற்றாது, பதிவு செய்த கிரயப் பத்திரம்தான் மாற்றும் என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தெளிவாகக் கூறிவிட்டது. பவர் கொடுத்தவர் காலமாகிவிட்டால் பொதுவாகப் பவரும் அவரோடு முடிந்தது.

ஆகவே முறையாகச் செய்ய நினைப்பவர், அக்ரிமெண்டில் "தங்கள் பெயருக்கோ அல்லது தாங்கள் குறிப்பிடும் நபர் பெயருக்கோ" கிரயம் செய்து தர வீட்டுக்காரர் சம்மதிக்கும் வாசகத்தை எழுதிப் பதிய வேண்டும். ஆள் கிடைத்ததும் வீட்டுக்காரரே நேரடியாக அவருக்குக் கிரயம் எழுதிக் கொடுக்க, நாம் சம்மதித்துக் கையெழுத்திட்டு நமக்குரியதைக் காசோலையாகப் பெற்றுக்கொள்ளலாம். கெடு மூன்று மாதமா ஆறு மாதமா, ஆள் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்புமா திரும்பாதா என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டும். வீட்டுக்காரர் பிடிவாதம் செய்தால் கோர்ட்டுக்குப் போக, குறித்த கெடு தேதியிலிருந்து மூன்று வருடமே காலம்.

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். 2015 ஜூன் 1 முதல் சொத்துக்கான முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறி வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். நாம் அட்வான்ஸ் கொடுக்கும் போது அபராதம் வீட்டுக்காரருக்கு. நாம் மூன்றாமவரிடம் வாங்கும் போது அது நமக்கு.

தாய்ப் பத்திரம் பார்ப்பதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது என்பார்கள். பதிவானது மட்டுமே அதில் தெரியும். வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதியாத உயில், பத்திரத்தைத் தனியாரிடம் வைத்து வாங்கிய கைக்கடன் எதுவும் தெரியாது. அசல் பத்திரம் கையில் இல்லை, தேடுகிறோம் என்றால் அது எங்கேயோ அடகில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது நல்லது.

பெண் பிள்ளைகளின் கையெழுத்து அடுத்தது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989லேயே கொண்டு வந்தது. அன்றைக்குத் திருமணமாகாதவர்களுக்கு மட்டும். 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "தங்கைக்கு அப்போதே சீர் செய்துவிட்டோம்" என்று அண்ணன்மார் சொல்வது பத்திரத்துக்கு உதவாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் முஸ்லிம் குடும்பத்து வீடுகள் விற்பனைக்கு வருவது அதிகம். அங்கே ஷரியத் முறைப்படி மகளுக்கு மகன் பங்கில் பாதி, பிள்ளைகள் இருந்தால் விதவைக்கு எட்டில் ஒன்று. ஹிபா என்னும் வாய்மொழித் தானமும் சுவாதீனம் கொடுத்திருந்தால் செல்லும். ஜமாத்தில் விசாரிக்காமல் அங்கே வீடு வாங்கக் கூடாது.

விரிஞ்சிபுரம் போன்ற பழைய கோயிலூர்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கட்டடம் குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது என்ற நிலை பல ஊர்களில் உண்டு. 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி முறையான அனுமதி இல்லாமல் கோயில் சொத்தை விற்றால் அது செல்லாது. வக்பு சொத்தும் விற்பனைக்குரியதல்ல. வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் ஐம்பது வருடத்துக்கு இருந்தாலும் அவை மனை உரிமைக்குச் சாட்சி அல்ல. மனை நத்தமா, பட்டா யார் பெயரில் என்று தாலுக்கா அலுவலகத்தில் பார்த்துவிட வேண்டும்.

கட்டடத்தைப் பொறுத்தவரை மண் சுவர் வீடுகளில் நமக்கு எச்சரிக்கை அதிகம். 2021 நவம்பர் மழையில் பாலாறு பெருகியதை மறந்திருக்க மாட்டோம். அந்த மாதம் 19ஆம் தேதி பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தனர். வெளியே சிமெண்டுப் பூச்சும் பெயிண்டும் அடித்து, உள்ளே ஊறிய சுவரை மறைத்து விற்பதை வியாபாரம் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட வீட்டை மனை விலைக்கு மட்டுமே கேட்க வேண்டும்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவால் இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்குத் தகாததாகிவிட்டது என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. தெருவுக்குத் தெரு நீர் மாறும். வீட்டுக் கிணற்றிலோ போரிலோ ஒரு பாட்டில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்தால் செலவு சில நூறு ரூபாய்தான். உப்புத் தண்ணீர் வீட்டை வாங்கியவர் விற்கும் போது தவிக்கிறார். பெண்கள் வந்து பார்த்து, ஒரு வாய் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கடைசியாக, நம்மிடம் வாங்கப் போகிறவர் யார் என்பதை முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்குபவரோ, ஆஸ்பத்திரி ஊழியரோ, ஆசிரியரோ ஆனால் அவர் பாங்குக் கடனில்தான் வாங்குவார். பாங்கு வக்கீல் தாய்ப் பத்திரத் தொடர்ச்சி கேட்பார், வாரிசுச் சான்று கேட்பார், கட்டட அனுமதி வரைபடம் கேட்பார். மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாததென்றால், 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனையா, 2017 விதிகளின்படி வரன்முறைப்படுத்தினார்களா என்றும் கேட்பார். இவை இல்லாத வீட்டை ரொக்கம் வைத்திருப்பவரிடம் மட்டுமே விற்க முடியும். அவர் விலையை அடித்துத்தான் கேட்பார். எனவே வீடு பிடித்திருந்தால் அட்வான்ஸ் கொடுக்குமுன் பாங்குக் கடனுக்குப் பத்திரம் பார்க்கும் வக்கீல் ஒருவரிடமே எல்லா நகல்களையும் கொடுத்துக் கருத்து வாங்கிவிடலாம். அவருக்குக் கொடுக்கும் ஃபீஸை அடக்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.