வயதுக் கட்டத்தை நிரப்பு

அன்புள்ள தம்பிக்கு,

கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிடும் வேலையில் சேர்ந்துவிட்டாய் என்று அறிந்து மகிழ்ச்சி. “இந்த வருஷம் உள்ளான் குறைச்சலா வந்திருக்கு, பருவநிலை மாற்றம்தானே அண்ணா?” என்று கேட்டிருந்தாய். இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு அவ்வளவு சீக்கிரம் ஓடாதே. அதற்குப் பத்திரிகைக்காரர்கள் இருக்கிறார்கள்.

முதலில் நெதர்லாந்துக் கதையைக் கேள். ஹோகே வெலூவே காட்டில், மரத்தில் மாட்டிய பெட்டிகளில் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் முட்டையிடும். குளிர்காலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்கா போய்விட்டு வசந்தத்தில் திரும்பும். குஞ்சுகளுக்கு ஊட்ட ஓக் இலை தின்னும் புழுக்கள் வேண்டும். அவை மலிந்து கிடப்பது சில வாரம்தான். வசந்தம் முன்கூட்டியே சூடேற, ஓக் முந்தித் துளிர்த்தது, புழுவும் முந்திக்கொண்டது. ஆப்பிரிக்காவில் இருக்கும் பறவைக்கு இது எப்படித் தெரியும்? அது பகல்பொழுதின் நீளத்தைப் பார்த்துக் கிளம்புகிறது. எவ்வளவு வெயில் ஏறினாலும் அந்த நீளம் மாறாது. 1980 முதல் 2000 வரை, காட்டுக்கு வந்து சேரும் நாள் முந்தவில்லை, முட்டையிடும் நாள் மட்டும் சுமார் 10 நாள் முந்தியது என்று கிறிஸ்டியான் போத், மார்செல் விஸ்ஸர் இருவரும் 2001-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வந்ததும் வராததுமாகக் கூடு கட்டியும் புழுவை எட்டிப் பிடிக்க முடியவில்லை. 2006-ல் வந்த அடுத்த கட்டுரை இன்னும் கசப்பு: புழு மிக முந்திய காடுகளில் இருபது ஆண்டில் சுமார் 90 சதவீதப் பறவைகள் இல்லாமல் போயின. புழு தாமதமாகப் பெருகும் காடுகளில் சுமார் 10 சதவீதம்தான் குறைந்தது.

பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்து, முதல் முட்டையின் தேதியை வருஷக்கணக்காக யாரோ எழுதி வைத்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது.

உன் கொசு உள்ளானின் கூடு ஆர்க்டிக் தூந்திராவில் இருக்கிறது, நீ பார்க்கப்போவதில்லை. ஆனால் அங்கே பொரித்த குஞ்சு உன் கைக்கே வருகிறது. பிடித்ததில் எத்தனை குஞ்சு என்பதே அங்கே பொரிப்பு எப்படி என்று சொல்லும். முதிர்ந்தவை முன்னால் வந்துவிடும். அந்த ஆண்டின் குஞ்சுகள் பின்னால் வரும். இறக்கையை மெல்ல விரித்துப் பார். குஞ்சின் மேலிறகுகள் புதுசாக, வெளிர்மஞ்சள் ஓரத்தோடு இருக்கும். முதிர்ந்ததின் இறகு வெளுத்து நைந்திருக்கும். நாளாக ஆக அந்த ஓரம் தேய்ந்துவிடும், ஆகவே உள்பக்கத்துச் சிற்றிறகுகளையும் பார்க்கத் தவறாதே.

ஒரு வருஷம் குஞ்சு குறைந்தால் பதறாதே. தூந்திராவில் லெம்மிங் எலி பெருகும் ஆண்டில் நரிக்கு அதுவே போதும். எலி குறைந்தால் நரி உள்ளான் முட்டையைத் தேடி வரும். பல வருஷக் கணக்கு இருந்தால்தான் நரி எது, வெப்பம் எது என்று பிரிக்க முடியும்.

மூக்கு நீளத்தையும் உத்தேசமாகப் போடாதே. சைபீரியாவின் தைமிரில் பனி முந்தி உருகப் பூச்சியும் முந்த, அங்கே பொரிக்கும் செம்மார்பு உள்ளான் குஞ்சுகள் சிறுத்து, குட்டை மூக்கோடு வளர்கின்றன. மொரித்தேனியாக் கரையில் சேற்றின் ஆழத்தில் கிடக்கும் சிப்பி அந்த மூக்குக்கு எட்டாமல் பல மடிகின்றன. 2016-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த இந்த ஆய்வும் அளவுகோல் பிடித்தவர்களின் பொறுமையால் பிறந்ததே.

வலை நிறைய விழுந்த இரவில் பதிவுத் தாளின் வயதுக் கட்டத்தைக் காலியாக விட்டு அடுத்த பறவைக்குத் தாவத் தோன்றும். குறைவாகப் பிடி, கட்டத்தை நிரப்பு. அடுத்த கடிதத்தில் எத்தனை பிடித்தாய் என்று எழுத வேண்டாம். அதில் எத்தனை இந்த வருஷத்துக் குஞ்சு என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்